நாற்பது நொடி அழுகை

"வயலின், இன்னும் கொஞ்சம் அழணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இசையமைப்பாளரின் குரல் ஹெட்போனில் வந்தது.

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. புல்லாங்குழல் வாசிப்பவர் புல்லாங்குழல், தபேலா வாசிப்பவர் தபேலா. பதினெட்டு வருஷமாக அவள் வயலின். இசையமைப்பாளர் ஒருவர்தான் எல்லோருக்கும் சார். அவளுக்கும்தான்.

திரையில் காட்சி மறுபடி முதலிலிருந்து ஓடியது. தொலைக்காட்சித் தொடர். ஒரு பெண் கையில் பெட்டியோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். கதவைச் சாத்துகிறாள், படியிறங்குகிறாள், தெருவில் நடக்கிறாள். நாற்பது நொடி. வசனம் இல்லை. கேமரா பின்னாலேயே போவதால் அவள் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

அழவைப்பது வயலினுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வில்லை மெதுவாக இழுக்க வேண்டும். மேல் ஸ்வரத்திலிருந்து விரல் வழுக்கிக்கொண்டு கீழே வர வேண்டும். வந்து சேர்ந்த இடத்தில் ஒரு கணம் சும்மா நின்றுவிட்டு, அப்புறம்தான் நடுங்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். எத்தனை தொடர், எத்தனை சாவு, எத்தனை பிரிவு! அடுப்பைப் பார்த்துக்கொண்டே அரைக் காதால் கேட்டவர்கள்கூட மூக்கை உறிஞ்சியிருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது எரிச்சல்தான் வருகிறது. கண்ணீர் வரவழைப்பது என்ன பெரிய வித்தை? அதை வெங்காயமே செய்துவிடும். கேட்கிறவருக்கு முதுகு தானாக நிமிர வேண்டாமா? உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து நிற்கத் தோன்ற வேண்டாமா? அப்படி நாலு ஸ்வரம், வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும் என்று இருந்தது.

"முதுகுதானே சார் தெரியுது. அவ அழறான்னு யாரு சொன்னா?"

ஒலிப்பதிவாளர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். சாரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

"வீட்ட விட்டுப் போறவ அழாம, பின்ன ஆடிக்கிட்டா போவா? சொன்னத வாசி. இல்லேன்னா நாளைக்கு வேற வயலின் வரும்."

வரட்டுமே!

ஹெட்போனில் டிக் டிக்கென்று தாளம் ஊர்ந்துகொண்டிருந்தது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிற வேகம். அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். திரையில் அந்தப் பெண்ணின் குதிகாலைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள்.

பத்து நொடிகூட ஆகவில்லை. ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கி நிறுத்தி, ஒலிபெருக்கியில் பேசினார். "அக்கா, என்னமோ கிலுகிலுங்குது. பையில என்ன வச்சிருக்கீங்க?"

மேல்சட்டைப் பைக்குள் கையைவிட்டாள். ஒரு வளையத்தில் இரண்டு சாவிகள். ஒன்று பல் தேய்ந்த பழைய சாவி. இன்னொன்று வேறொரு பூட்டுக்கானது, நேற்று மாலைதான் கைக்கு வந்தது.

பழையதை வளையத்திலிருந்து கழற்றினாள். லேசில் வரவில்லை, ஒரு நகமே உடைந்தது. அதை இசைக்குறிப்பு வைக்கும் ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மற்றதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒற்றைச் சாவி சத்தம் போடாது.

மறுபடி வாசித்தாள்.

குதிகால் ஒரு தடவை தரையில் பட்டால் வில் ஒரு இழுப்பு. வழுக்கல் இல்லை, நடுக்கம் இல்லை. விரல் நேராகப் போய் ஸ்வரத்தின் மேல் நின்றது. நின்றது என்றால் அப்படி நின்றது! தெருவில் அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாளோ என்று தோன்றுகிற இடத்தில் வயலின் மேலே ஏறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வயலினும் கீழே இறங்கவில்லை.

நாற்பது நொடி முடிந்தது. ஒலிப்பதிவாளர் நாற்காலியில் சாய்ந்திருந்தவர், எப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பதிவை நிறுத்தும் பொத்தானை அவர் மறந்தே போனார்.

அவளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம்.

"இது எதுக்கு ஆகும்? நீ கிளம்பு. நாளைக்கு வேற ஆள வச்சு எடுத்துக்கறேன்."

"எடுத்துக்குங்க."

அந்தப் பதிலில் 'சார்' என்ற சொல் இல்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

வில்லைத் தளர்த்தி, வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஏய்." ஒலிபெருக்கியில் அவர் குரல் கூடமெங்கும் கேட்டது. இப்போது அது சாரின் குரலாக இல்லை. "வீட்டுச் சாவிய ஸ்டாண்டுலயே விட்டுட்டுப் போற பாரு. இன்னிக்கு நான் வர லேட்டாகும். எப்படி உள்ள போவ?"

அவள் கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.

மைக் இன்னும் திறந்தே இருந்தது. படியிறங்கும் செருப்புச் சத்தம் அதில் மெல்லப் பதிவாகிக்கொண்டிருந்தது. சற்றுமுன் வயலின் போன அதே வேகம். ஒரு அடிகூடத் தயங்கவில்லை.