சாட்சி நேரம்

"கத்தியோடு திரிந்த ரவுடி நான். கர்த்தர் என்னை மேய்ப்பனாக்கினார்" என்று முழங்கிய பாஸ்டர், அடுத்துச் சாட்சி சொல்ல முனீஸை அழைத்தார். பனியன் கம்பெனி மாடியில் நடக்கும் அந்தச் சபைக்கு, முனீஸின் மனைவி அபிராமி அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தாள்.

முனீஸ் மைக்கைப் பிடித்தான். "தெனமும் குடிச்சுப்புட்டுப் பொண்டாட்டிய அடிப்பேன். இயேசப்பாதான் என்னைய மாத்துனாரு."

சபையே கண்ணீர் விட்டது. அபிராமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருமல் மருந்தக்கூடத் தண்ணி கலந்து குடிக்கிற ஆளு இவரு. எந்திரிச்சு உண்மையச் சொல்லப்போறேன்க்கா" என்றாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம்.

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். "உடு கண்ணு. எங்க ஊட்டுக்காரரு கரப்பான்பூச்சியப் பாத்தாலே கட்டில் மேல ஏறிக்குவாரு. நான் என்னைக்காச்சும் வாயத் தொறந்தனா?"

"உங்க வீட்டுக்காரரு யாருக்கா?"

"முனீஸுகிட்ட மைக்க வாங்குறாரு பாரு, அந்த ரவுடிதான்."