வேட்டி சொல்லட்டும்

கற்பூரம் ஏற்றி, அடித்துச் சத்தியம் செய்யத் தயார். தீப்பெட்டி நமத்துப்போனதால் வாயால் சொல்கிறேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

என் மருமகள் பவுன்தாய் வேலியோரம் நின்றாள்.

வேலிக் கம்பியில் என் வேட்டி. நாலு முழம். அசையவில்லை.

காற்று இல்லை.

தொடக் கூடாது. கைச்சூடு பட்டால் இளகிவிடும், அன்றைய சேதி கெட்டுவிடும். காற்றுதான் வந்து தூக்கிப் பார்க்க வேண்டும். முனை ஆடினால் பனி முடிந்தது, அன்றைக்கே நடவு. பலகையாக நின்றால் முடியவில்லை. சாயங்காலம் நனைத்துப் போட்டு விடியலில் பார்ப்பது. கொடைக்கானலுக்கும் மேலே, எங்கள் ஊரில் உருளைக்கிழங்குக்கு நாள் குறிப்பது இப்படித்தான்.

இந்த வருஷத்துப் பனியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதனால் குறைத்தே சொல்கிறேன்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் குச்சி குச்சியாக விழுந்தது. குடத்தை வைத்துவிட்டுக் கூடை கொண்டுபோனோம். பக்கத்துத் தோட்டத்துச் சுருளிராசு ராத்திரி பொய்ப்பல்லைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போடுவார். விடிந்ததும் டம்ளரோடு டீக்கடைக்கு வருவார். முதல் டீ பல்லுக்கு. இரண்டாவது டீதான் அவருக்கு.

என் வேட்டியைக் கம்பியிலிருந்து எடுத்து வாசலில் நிறுத்தினால் நின்றது. ஒருநாள் அதை நான் என்று நினைத்து சுருளிராசு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

“அண்ணன் இன்னைக்குத்தேன் ஒரு பொய்கூடச் சொல்லல” என்று டீக்கடையில் சொன்னாராம்.

கடையே சிரித்தது. வீட்டில் பவுன்தாய் சிரிக்கவில்லை.



போன தையில் நான்தான் புல்லைப் பார்த்தேன். வெளுக்கவில்லை. பனி போயாச்சு, நடு என்றேன். புல் பள்ளத்தில் வெளுக்கும், மேட்டில் வெளுக்காது. நான் மேட்டில் நின்றிருந்தேன்.

செடி ஒரு சாண் வந்தது. பிறகு ஒரே ஒரு விடியல்.

தோட்டம் முழுக்க வெந்த கீரை.

என் மகன் அந்த வாரமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். இன்னும் வரவில்லை.

இந்த வருஷம் மூன்று மூட்டை விதைக்கிழங்கு. அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தாள். முளை விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. கிழங்கின் தோல் சுருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் தாங்காது.

நட்டபின் பனி விழுந்தால் மூன்று மூட்டையும் போச்சு.

நடாவிட்டால் சனிக்கிழமை பஸ்ஸில் அவளும் திருப்பூர். பையில் சேலைகளை மடித்து வைத்தாயிற்று. அதன்பிறகு அந்த வீட்டில் நானும் என் வாயும்தான்.

தை பிறந்த அன்றே சொல்லிவிட்டாள்.

“இந்த வருசம் நீங்க வாயத் தொறக்க வேணாம் மாமா. வேட்டி சொல்லட்டும்.”

ஆக, எனக்கு ஒரே வேலை. சாயங்காலம் வேட்டியை நனைத்துக் கம்பியில் போடுவது. என்னிடம் இருந்த நல்ல வேட்டி அது ஒன்றுதான். கைலியில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன்.

இருபத்தாறு விடியல். இருபத்தாறும் பலகை.

இது இருபத்தேழு.

கீழ்ப் பள்ளத்தில் புல் லேசாக வெளுத்த மாதிரி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு வேட்டியைப் பார்த்தாள். பிறகு மறுபடி பள்ளத்தை.

மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டாள், துணிமேல் பட்டுவிடாமல்.

நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கைப் பல்லுக்குள் பிடித்துவைத்திருந்தேன். மிச்சமிருந்தது நாலு பல். பிடித்து வைப்பது லேசு இல்லை.

மேலே யூக்கலிப்டஸ் உச்சியில் ஒரு சரசரப்பு.

நின்றுவிட்டது.

அவள் முந்தானையை இறுக்கிக்கொண்டாள்.

மறுபடி சரசரப்பு. இந்தத் தடவை மரத்தைவிட்டு இறங்கியது. கோழிக்கூண்டின் சாக்கைத் தூக்கியது. வேலிக்கு வந்தது.

வேட்டியின் முனை ஆடியது.

அவள் கிட்டே போய்க் கம்பியிலிருந்து வேட்டியை எடுத்தாள். இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு நாலாக மடித்தாள். என் தோளில் போட்டாள்.

“கட்டிக்கங்க மாமா. குளுருது.”

என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையை எடுக்க உள்ளே போனாள்.

கட்டிக்கொண்டேன். அவள் கிழங்கை வைத்துக்கொண்டே போனாள், நான் பின்னால் மண் தள்ளிக்கொண்டே போனேன். மத்தியானத்துக்குள் மூன்று மூட்டையும் மண்ணுக்குள்.

அதைப் பார்த்துச் சுருளிராசு நட்டார். சுருளிராசைப் பார்த்து ஊரே நட்டது. மனுசன் பொய் சொன்னாலும் வேட்டி சொல்லாது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வாஸ்தவம் என்றேன்.

சனிக்கிழமை வந்தது. பஸ் வளைவில் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அவள் தோட்டத்தில் குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

நடவுக்கு முந்தின சாயங்காலம் நான் வேட்டியை நனைக்கவில்லை.