பின்சுவர்க் காவல்

பெயர் போடாத மனு ஒன்று ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. நாலே வரி. லேத் பட்டறைக்காரர் வீட்டில் ஒரு வில் இருக்கிறது, துப்பாக்கி மாதிரி விசையை இழுத்தால் அம்பு பாயும், யார் உயிராவது போவதற்குள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

எஸ்.ஐ. அம்மாள் கிளம்புவதற்கு முன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். துப்பாக்கிக்குப் பக்கம் பக்கமாக இருந்தது. விசைவில்லுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று தேடித் தேடிப் பார்த்தும் ஒரு வரி கிடைக்கவில்லை.

"வச்சிருந்தா தப்பில்லை, ஆள் மேல விட்டாதான் தப்பு. விட்ட பிறகு நாம போய் என்னத்தைப் பிடிக்கறது?" என்றார் ரைட்டரிடம்.

வீட்டை அடைந்தபோது மத்தியானம். பட்டறைக்காரர் பின்பக்க ஜன்னலோரம் நாற்காலி போட்டு, மடியில் வில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஆள் உயரத்துக்குக் கொல்லைச் சுவர்.

எவனோ சுவரேறிக் குதிக்கிறான், காரை பெயர்ந்து கிடக்கிறது, அதனால் மூன்று வாரமாகப் பட்டறையை மத்தியானத்தோடு மூடிவிட்டுக் காவல் இருக்கிறேன் என்றார். மனு போட்டது மாடி வீட்டுக்காரனாகத்தான் இருக்கும் என்று அவனையும் ஒரு பிடி பிடித்தார்.

"என்ன சார் காணாமப் போச்சு?"

"இதுவரைக்கும் ஒண்ணும் போகலை."

"சுவரேறிக் குதிச்சான்கிறதுக்காக அம்பு விட முடியாது. உங்க உயிருக்கு ஆபத்துன்னா பேச்சு வேற. இல்லேன்னா உள்ளே போறது நீங்கதான்."

"வரட்டும் மேடம். எவனா இருந்தாலும் சரி, வந்து பார்க்கட்டும்." அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

சொன்னால் புரிந்துகொள்ளாத வீம்புக்காரர் என்று எஸ்.ஐ.க்கு எரிச்சலாக வந்தது. வில் வாங்கிய ரசீதைக் கேட்டார். அவர் வில்லையும் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

அதுவரை சமையலறைக் கதவோரம் நின்றிருந்த மனைவி சட்டென்று கிட்டே வந்தாள். மனு எழுதியது தான்தான் என்றாள். படிப்பைப் பாதியில் விட்டதற்காக ஒரே மகனை அவர் வீட்டை விட்டுத் துரத்தி எட்டு மாதம் ஆகிறதாம். வாரம் ஒரு நாள், அப்பா பட்டறையில் இருக்கும் நேரம் பார்த்துப் பின்சுவர் ஏறி வருவானாம். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் அழுக்குச் சட்டையைத் துவைத்துப் போடுவாளாம். வில் வந்த நாளிலிருந்து அவனை வர வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம்.

"ஆனா அவன் கேட்கிற பிள்ளை இல்லை மேடம். இவருக்கோ கோபம் வந்தா கண்ணு தெரியாது. யாருன்னு பார்க்கறதுக்குள்ள விசையை இழுத்துடுவார். எப்படியாவது அதை எடுத்துட்டுப் போயிடுங்க."

"வர்றது யாருன்னு சார்கிட்டயே சொல்லிடலாமே?"

"சொன்னா நாளைக்கே சுவர் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிடுவார்."

காலடிச் சத்தம் கேட்டதும் அவள் அடுப்படிக்குள் மறைந்தாள்.

எஸ்.ஐ. ரசீதை இரண்டு தடவை படித்தார். வில் ஒன்று. அதோடு சரி.

"அம்பு எங்கே சார்?"

அவர் ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை கூடவே வந்தார். கேட்டைத் திறந்துவிட்டு, சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வாங்கலை."

எஸ்.ஐ. அவர் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு சைஸ் சின்ன சட்டை வாரா வாரம் கொல்லைக் கொடியில காஞ்சுது மேடம். சுவரேறி வர்றது யாருன்னு தெரியாமலா இருப்பேன்?" இந்தத் தடவை குரல் கேட்டைத் தாண்டவில்லை.

பிறகு எதற்கு இந்த வில்லும் காவலும் என்று எஸ்.ஐ. கேட்டார். அவர் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"போடான்னு சொன்ன வாய், வாடான்னு கூப்பிட வர மாட்டேங்குது. பின்பக்கம் வரப் பயமா இருந்தா, என்னைக்காவது ஒருநாள் வாசல் வழியா வந்துதானே ஆகணும்?"