சைலன்ட் மாடல் வேண்டாம்

"சைலன்ட் மாடல் வேணாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதாண்ணா," என்று சிரித்துக்கொண்டே எலக்ட்ரீஷியன் ராஜ்குமார் ஜெனரேட்டரை டெம்போவிலிருந்து இறக்கினான்.

முனிராஜ் சிரிக்கவில்லை. ஓசூர் கடையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, இருப்பதிலேயே அதிகம் உறுமுவது எது என்று காது கொடுத்துக் கேட்டுத்தான் இதை எடுத்திருந்தான். கடைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

எங்கே வைப்பது என்பதில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. தன் கட்டிலின் தலைமாட்டுச் சுவரை ஒட்டியே வேண்டும் என்றான் முனிராஜ். புகை உள்ளே வந்தால் ஆளையே கொன்றுவிடும் என்று ராஜ்குமார் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தான். ஜன்னல் இல்லாத பக்கம், சுவரைவிட்டு நன்றாகத் தள்ளி, புகைக்குழாய் காலிமனையைப் பார்த்து என்று முடிவானது.

"அங்கேர்ந்து எனக்குக் கேக்குமா?"

"உத்தனப்பள்ளி முழுக்கக் கேக்கும்ணா."

உள்ளே கட்டிலில் அக்கா சம்பங்கி உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் கல்லாவியிலிருந்து அவளைக் கூட்டிவந்திருந்தான். கிரானைட் பட்டறையில் பாலீஷ் போட்டுப் போட்டு நெஞ்சில் கல்தூள் இறங்கிவிட்டது. இனி ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மெஷின் இந்த வீட்டில் இருந்தது. மாதக்கணக்காகத் துணி போர்த்தி மூலையில் நின்றது. அதற்கு முன்பு அது நிர்மலாவுடையது.

நிர்மலா அவன் மனைவி. அதே பட்டறையில், அதே தூளில், சம்பங்கிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். நல்ல பெண் என்று தம்பிக்குப் பார்த்து முடித்ததே சம்பங்கிதான்.

அந்த மெஷின் கரண்ட் போனால் வீல்வீலென்று கத்தும். கத்தினால் முனிராஜ் எழுந்து, கட்டிலடியில் இருக்கும் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிவிடுவான். சிலிண்டரைத் திறக்கும் தெம்பு நிர்மலாவின் கைக்கு இல்லை.

வாங்கிய புதிதில் ஒரு பகலில் நாலைந்து தடவையாவது கத்தும். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து அப்போதுதான் படுத்திருப்பான். அடித்துப் பிடித்து எழுவான். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிடும், தூக்கம் வராது.

போகப் போக அந்தச் சத்தம் அவனை எழுப்புவது நின்றுபோனது. இப்போதெல்லாம் கரண்ட் பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினான்.

அப்படித் தூங்கிய ஒரு மத்தியானத்தில்தான் நிர்மலா போய்விட்டாள். அன்று கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அடுத்த கட்டிலில், அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

மெஷின் அந்தக் கத்துக் கத்தியும் எழாமல் கிடந்தானே என்று ஊர் பேசியது. அவனும் அதையேதான் நினைத்தான். கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் நின்று நின்று காது போய்விட்டதோ என்று கம்பெனி டாக்டரிடம் காட்டினான். காது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அதைக் கேட்டு அவன் இன்னும் உடைந்துபோனான். காதில் குறை இல்லையென்றால் குறை மனசில்தானே இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடும். அது மட்டும் அவனுக்குப் போதாது. அது அவனை எழுப்பவும் வேண்டும். நிர்மலாவைத் தூங்கித் தொலைத்தது போல அக்காவையும் தொலைக்க முடியாது.

சம்பங்கிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "உன் பொண்டாட்டி இருந்தா இந்தச் சத்தத்துக்கு ஒத்துக்குவாளாடா? பகல்ல போன் பண்ணாவே, 'அவரு தூங்கறாரு அண்ணி'ன்னு குசுகுசுன்னுதான் பேசுவா."

முனிராஜ் அக்காவின் மூக்கில் குழாயை மாட்டி, மெஷினைப் போட்டான். மெஷினோடு மாட்டியிருந்த பாட்டில் தண்ணீரில் காற்று போய்க் குமிழி வந்தது.

"மெயினை ஆஃப் பண்றேண்ணா. மெஷின் கொஞ்சம் கத்தும், பயப்படாதீங்க," என்று ராஜ்குமார் வாசலிலிருந்து சொன்னான்.

முனிராஜ் கட்டில் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

விளக்கு அணைந்தது. ஃபேன் தளர்ந்தது. குமிழி நின்றது.

மெஷின் கத்தவில்லை.

சில நொடிகளில் வெளியே ஜெனரேட்டர் உறுமியது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, குமிழி வந்தது. ராஜ்குமார் மெயினைப் போட்டுவிட்டு உள்ளே வந்து, மெஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான்.

"யாரோ அடைச்சு வச்சிருக்காங்கண்ணா."

முனிராஜ் மண்டியிட்டான். சத்தம் வரும் துளைகளின் மேல் பஞ்சு. பஞ்சின் மேல் பிளாஸ்திரி, ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரமெல்லாம் விரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டியிருந்தது. கன்னத்தில் குழாய் நழுவாமலிருக்க நிர்மலா ஒட்டிக்கொள்ளும் அதே பிளாஸ்திரி.

சம்பங்கி எட்டிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜ்குமார் பிய்க்கப் போனான். முனிராஜ் அவன் கையைத் தள்ளிவிட்டுத் தானே எடுத்தான். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, தினமும் அவள் கன்னத்திலிருந்து எடுத்ததைப் போலவே, வலிக்காமல் மெதுவாக.

"இன்னொரு வாட்டி ஆஃப் பண்ணு," என்றான்.

இந்த முறை மெஷின் கத்தியது. பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும்வரை சில நொடிகள்தான். முனிராஜ் பஞ்சைக் கைக்குள் பொத்திக்கொண்டு அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

இந்தச் சத்தத்துக்கு அன்று அவன் எழுந்திருப்பான். எப்பேர்ப்பட்ட தூக்கமாக இருந்தாலும் எழுந்திருப்பான்.