இழவு வீட்டில் நமஹகே

அந்த வீட்டில் இருந்தவர்கள் மூவர்: பெரியவர் இசாகு, அவர் மனைவி தொமி, மருமகள் சிசுரு. மகன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாவு விழுந்த வீட்டுக்குள் அந்த ஆண்டு, வருடக் கடைசியில் வீடு வீடாகப் போய் அதட்டி வாழ்த்தும் நமஹகே அரக்க வேடக்காரர்கள் நுழைவதில்லை. ஆனால் ஆண்டின் கடைசி நாள் மாலை, அரக்க முகமூடியும் வைக்கோல் அங்கியுமாக ஒருவன் பனியோடு உள்ளே வந்து, கூடம் அதிர மிதித்தான்.

"இழவு வீடுன்னு தெரியாதா? எங்க குடும்பம் உனக்குக் கேலியாப் போச்சாடா?" என்று இசாகு கத்தினார்.

"மாமா, கொம்பைப் பாருங்க," என்றாள் சிசுரு. "ஒடிஞ்சதுக்குச் செப்புக் கம்பி சுத்தினது நீங்கதானே?"

அந்த முகமூடியை மகனின் சவப்பெட்டியில் வைத்து எரித்ததும் அவர்தான்.

இசாகு மிரண்டு அழுதார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்ததற்காக அவர் மகனைத் திட்டினார்.