நேரில் பார்த்தாச்சு

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் சார். அந்த டீச்சரம்மா கதையும் அதுதான். ஸ்கூலுக்கு வரலைன்னா பிள்ளை காய்ச்சல்ல படுத்திருக்கும். அதுக்குப் போய் உங்க ஆபீஸ் வரைக்கும் இழுத்துட்டாங்க!”

தலைமையாசிரியர் போனில் சிரித்தார். குழந்தைப் பாதுகாப்பு அலுவலருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அந்த இரண்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிக் காலையிலிருந்து விசாரித்து விசாரித்து அவருக்கு நாக்கு வறண்டிருந்தது.

“பிள்ளையோட ஃபைலையாவது அனுப்புங்க சார்.”

“பெத்தவங்க கையெழுத்து இல்லாமலா?”

“பிள்ளை உசுருக்கு ஆபத்துன்னா கையெழுத்து தேவையில்ல. சட்டமே சொல்லுது.”

“சட்டம் உங்க மேசையில இருக்கு. பெத்தவன் என் வாசல்ல வந்து நிப்பான்.” போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். நோயாளி விவரத்தை வாய்வார்த்தைக்குத் தர முடியாதாம். கடிதம் கொடுத்தால் அடுத்த வாரம் பார்க்கலாமாம். போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் தாராளம்.

“அந்த வீடா? அக்கம்பக்கத்துல இருந்து போன் வந்துச்சு சார். புருஷன் பொண்டாட்டி சண்டை. சமாதானம் பேசிட்டு வந்துட்டோம். ஆமா, அங்க குழந்தை வேற இருக்கா?”

அலுவலர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆளுக்கொரு துண்டுத் தகவலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எவனும் விரலைப் பிரிக்க மாட்டேன் என்கிறான்.

போன வருடம் இப்படித்தான் அரைகுறைத் தகவலை நம்பி, ஒரு நல்ல வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்னொரு தடவை தவறினால் வேலை போகும். பயந்துகொண்டு சும்மா இருந்தால் போவது வேலை அல்ல.

போன் மறுபடி அடித்தது. டீச்சர். பள்ளிக் கழிவறைக்குள் நின்று பேசுகிறார் போல, குரல் எதிரொலித்தது.

“சார், இன்னிக்கே வீட்டைக் காலி பண்றாங்களாம். லாரி வந்து நிக்குது. போயிட்டாங்கன்னா எந்த ஊர்னு தேடுவீங்க? உங்க கால்ல வேணாலும் விழறேன் சார்!”

“அழாதீங்க டீச்சர். பிள்ளை உங்ககிட்ட என்னதான் சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல சார். வரைஞ்சு காட்டினா. ஒரு கட்டில். அதுக்கு அடியில ஒரு பிள்ளை. கையைக் கட்டில் காலோட சேர்த்து...”

“டீச்சர், உள்ள யார்கூடப் பேசுறீங்க?” என்று யாரோ கதவைத் தட்டினார்கள். இணைப்பு அறுந்தது.

அலுவலர் போய்ச் சேர்ந்தபோது பாதிச் சாமான் லாரியில் ஏறியிருந்தது. அடையாள அட்டையைப் பார்த்ததும் பிள்ளையின் அம்மாவுக்கு முகம் வெளுத்தது. அவள் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவன் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“பிள்ளையைப் பார்க்கணும்.”

“தாராளமா சார். பின்னால விளையாடிக்கிட்டிருக்கு. கூட்டிட்டு வரேன்.”

கையைப் பிடித்து அழைத்து வந்தான். படிய வாரிய தலை, கொழுகொழு கன்னம். அலுவலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெரியவர்கள் இருவரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டுப் பெயரைக் கேட்டார். கணீரென்று சொன்னாள். வயது, வகுப்பு, எல்லாம் சரியாக இருந்தது.

“ஸ்கூலுக்கு ஏன்மா போகல?”

“காய்ச்சல் அங்கிள். ஊசி போட்டாங்க. வலிக்கவே இல்ல!”

“வீட்ல யாராவது அடிக்கிறாங்களா? பயப்படாம சொல்லு.”

“யாரு, இவங்களா?” கிளுக்கென்று சிரித்தாள்.

கைகளைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. படுக்கையறைக்குள் போய், மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். தூசியும் ஒற்றைச் செருப்பும்தான் கிடந்தன.

“என்ன அங்கிள், பூனையா தேடுறீங்க?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பூனையும் இல்ல, புலியும் இல்ல. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடும்மா.”

பிள்ளை ஓடினாள். குளியலறைக் கதவைத் திறந்து, சாத்திவிட்டு, சமையலறைக்குள் போனாள். டம்ளரை நீட்டும்போது, தான் பார்த்த ஒரு பூனை குட்டி போட்ட கதையை ஆரம்பித்து, அவர் செருப்பை மாட்டும் வரை முடிக்கவில்லை.

தெருமுனைக் கடையில் நின்று அலுவலர் டீ வாங்கினார். அன்று அவர் வாயில் பட்ட முதல் ஆகாரம் அதுதான். டீ ஆறுவதற்குள் லாரி அவரைக் கடந்தது. கயிறு போட்டுக் கட்டிய பீரோ மேலே குலுங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்தவன் அதே பல்லெல்லாம் தெரியக் கையசைத்தான். இவரும் அசைத்தார்.

பிறகு டீச்சரைக் கூப்பிட்டார்.

“நேரில் பார்த்தாச்சு டீச்சர். நல்லா இருக்கா. கன்னத்தைக் கிள்ளினா ரத்தம் வரும் போல. நீங்க வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

“நிஜமாவா சார்?” டீச்சர் வெடித்து அழுதார். “இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். என் பிள்ளை உசுரோட இருக்காளா?”

“உசுரோடவா? அப்பப்பா, என்ன வாய்! என்னைப் பேசவே விடல டீச்சர்.”

அழுகை சட்டென்று நின்றது. லாரி தெருவைத் தாண்டிப் பெரிய சாலையில் திரும்பி மறைந்தது.

“சார்... அவளுக்குப் பொறந்ததுல இருந்தே பேச்சு வராது.”