கீறலின் அளவு

"ஏண்டி ஷிசூவே, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பாக்குற?" என்றாள் பக்கத்துச் சாணைக்கல்லில் இருந்த ஹனயே.

நான் துப்பாக்கியின் நம்பரைப் பார்த்தேன். இது இல்லை. அதில் பொறித்திருந்த பூவைச் சாணையில் வைத்து அழுத்தினேன்.

போரில் தோற்று ஒன்றரை மாதம் ஆகிறது. அமெரிக்கர்கள் வந்து வாங்கிக்கொள்வதற்குள், கிடங்கில் இருக்கும் அத்தனை துப்பாக்கிகளிலும் பதினாறு இதழ் சாமந்திப்பூவை அழித்தாக வேண்டும் என்று உத்தரவு. அது சக்கரவர்த்தியின் பூ. அந்நியன் கைக்குப் பூவோடு போகக் கூடாதாம்.

நல்ல வேடிக்கை போங்கள். நேற்றுவரை அந்தப் பூவில் நகம் பட்டாலே குற்றம்.

மே மாதம் என் தம்பி இசாவோ அதில் ஒரு கீறல் விழ விட்டானாம். பகல் முழுக்கத் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்தச் சொல்லி, அதனிடமே மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். "துப்பாக்கி ஐயா, என்னை மன்னித்துவிடுங்கள்" என்று கத்திக்கொண்டே நின்றிருக்கிறான். பத்தொன்பது வயது. மறுநாள் விடிவதற்குள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

காய்ச்சல் என்று முகாமிலிருந்து காகிதம் வந்தது. உண்மையைச் சொன்னது அவனோடு ஒரே அறையில் இருந்த சிப்பாய்.

அழுது தீர்த்தாகிவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அது எவ்வளவு பெரிய கீறல்?

ஓர் உயிரை வாங்கிய கீறல் எப்படித்தான் இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூலி வேலைக்கே வந்தேன். நம்பர் எனக்குத் தெரியும். பட்டாளத்தில் அதை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தம்பி அதைக் கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தான்.

மத்தியானம், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு உட்கார்ந்ததும் அந்த நம்பர் என் கைக்கு வந்தது.

வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் இதழ் இதழாகப் பார்த்தேன். விரலால் தடவினேன். அடடா, பூ அப்படியே புத்தம்புதிதாக இருந்தது. கீறல் எங்கே?

வாசல் பக்கம் குரோகி அரத்தோடு உட்கார்ந்திருந்தார். மே மாதத்தில் அவர் சார்ஜென்ட். தம்பியை அப்படி நிற்க வைத்தவர். இப்போது எங்களோடு சேர்ந்து அவரும் பூ அழிக்கிறார். எனக்குப் புகுந்த வீட்டுப் பெயர், அதனால் நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

துப்பாக்கியை அவர் மடியில் வைத்தேன்.

"இது இசாவோவோடது. நான் அவன் அக்கா. கீறல் எங்கண்ணே?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. நம்பரை விரலால் தடவிப் பார்த்தார்.

"பழுது பாக்குறவன் தேச்சுச் சரி பண்ணியிருப்பாம்மா."

இருக்கலாம். எனக்குச் சண்டை வேண்டாம், அளவு தெரிந்தால் போதும். அவருடைய அரத்தை வாங்கி, நுனியால் ஓர் இதழில் இழுத்தேன். அரிசி நீளம் இருக்கும்.

"இவ்வளவா?"

"சின்னது."

அடுத்த இதழில் எள்ளளவு கீறினேன்.

"இன்னும் சின்னது."

மூன்றாவது இதழில் சும்மா தொட்டு எடுத்தேன். குனிந்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அப்படி ஒரு புள்ளி. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இதற்கு மேல் சின்னதாக எப்படிக் கீறுவது?

"இன்னும் சின்னதும்மா," என்றார்.

ஹனயே சாணைக்கல்லை நிறுத்திவிட்டு எழுந்து வந்து என் பின்னால் நின்றாள்.

அரத்தை நான்காவது இதழுக்கு மேலே கொண்டுபோனேன். இரும்பில் படாமல், மயிரிழை உயரத்தில் பிடித்தேன்.

"இவ்வளவா?"

இந்த முறை குரோகி சின்னது என்று சொல்லவில்லை.